மண் காயும் வரை



கடந்த இதழில் சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகம் பற்றிக் கதைத்தோம். அதன் பிறகு சந்தித்த சில சகோதரிகள், "களிமண் வேலை பழக விருப்பம். ஆனால் பயிற்சியில் சொல்லும் சொற்கள் விளங்குதில்லை. அதையும் எழுதுங்கோ" என்று கேட்டார்கள்.

நான் படித்தது சமூகவியல். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, நான் விட்ட ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்டது. அந்தப் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் 14 பெண்களுக்கு மூன்று மாத மட்பாண்டப் பயிற்சி ஒன்றை ஒழுங்கு செய்திருந்தோம். கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி அலைபவர்களும் அதில் இருந்தார்கள். வளவாளராக வந்தவர், பரம்பரையாகச் சட்டி பானை செய்யும் குடும்பத்துப் பெண். ஆச்சி என்றே கூப்பிட்டோம். முதல் நாளே ஒருவர், "இது எங்கட ஆக்கள் செய்யிற தொழில் இல்லையே மிஸ்" என்று என் காதுக்குள் சொன்னார். ஆச்சிக்கும் அது கேட்டுவிட்டது. "நீ கறி காய்ச்சிறது எந்தச் சட்டியில பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டு மண்ணைப் பிசையத் தொடங்கினார். சாதி பற்றி நான் தயாரித்து வைத்திருந்த அரைமணி நேர விரிவுரை தேவைப்படவில்லை.

மண்ணைத் தெரிவு செய்தல்

குளத்தடியிலும் வயலோரத்திலும் கிடைக்கும் மண் எல்லாம் களிமண் அல்ல. நனைந்த மண்ணைப் பென்சில் அளவுக்கு உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் அது உதவும். கல், வேர் நீங்க, தண்ணீரில் கரைத்து வடித்துத் தெளியவிட வேண்டும். பிறகு மிதித்து, கையால் அழுத்திப் பிசைய வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, மண் முழுவதையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவருவதே பிசைவதன் நோக்கம்.

சுட்ட ஓட்டை இடித்துப் பொடியாக்கி மண்ணுடன் சேர்ப்பதை 'குரொக்' என்பார்கள். அது ஏற்கெனவே சுடப்பட்டது என்பதால் இனிச் சுருங்காது. எனவே வெடிப்புக் குறையும். சிற்ப வேலைக்கு இது மிகவும் நல்லது.

ஒரு முக்கியமான விடயம். போர் 2009இல் முடிந்துவிட்டது என்று நினைத்து, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் மண் வெட்டப் போகாதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் கிராம அலுவலரிடம் கேட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

உருவாக்கும் முறைகள்

சக்கரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையாலேயே செய்யக்கூடிய முறைகள் மூன்று உண்டு. மண் உருண்டையின் நடுவே பெருவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி மெல்லியதாக்குவது கிள்ளல் முறை. கார்த்திகை விளக்கீட்டுக்கான சிட்டியை இப்படிச் செய்யலாம். மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒட்டுவது சுருள் முறை. பெரிய சாடிகளுக்கு இது ஏற்றது. மண்ணை ரொட்டிபோல் தட்டையாக்கி வெட்டிப் பொருத்துவது தகட்டு முறை.

ஒரு துண்டை இன்னொன்றுடன் ஒட்டும்போது இரண்டு பக்கமும் முள்ளாற் கீறி, களிமண் குழம்பு பூசி அழுத்த வேண்டும். இந்தக் குழம்பைத்தான் 'சிலிப்' என்கிறார்கள். வெறும் தண்ணீர் தடவி ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும்.

சிற்பத்தில் இரண்டு வகை. பலகைபோன்ற தளத்திலிருந்து உருவம் மேலெழுந்து நிற்பது புடைப்புச் சிற்பம். எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்கக்கூடியது முழுவுருச் சிற்பம். முழுவுருச் சிற்பத்தை உருவாக்கிய பின் உட்புறத்தைக் குடைந்து, சுவர் ஏறத்தாழ ஒரு விரற்கடை தடிப்பில் இருக்கும்படி விட வேண்டும். அடியில் ஒரு துளையும் வேண்டும்.

நான் விட்ட பிழை

எங்கள் குழுவில் ஒரு சகோதரி இருந்தார். கலந்துரையாடல்களில் வாய் திறக்கவே மாட்டார். அவர் ஒரு முழம் உயரத்தில், தோளில் புத்தகப் பை மாட்டிய ஒரு பையனைச் செய்தார். யாரென்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அது தை மாத மழைக்காலம். நிதி வழங்குபவர்கள் வரும் திகதி நெருங்கியிருந்தது. "இன்னும் ஈரம் இருக்கு பிள்ளை" என்று ஆச்சி இரண்டு முறை சொன்னார். வெளியே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருந்தது. கண்காட்சி மேசை வெறுமையாக இருக்குமே என்ற பயத்தில், சூளையில் வைக்கச் சொன்னேன். உருவம் குடையப்பட்டதா என்றும் பார்க்கவில்லை.

நெருப்பு மூட்டிக் கொஞ்ச நேரத்திலேயே சூளைக்குள் வெடிச்சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் பெண்களுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருவர் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். சூளை ஆறியபின் திறந்தபோது அந்தப் பையன் துண்டு துண்டாகக் கிடந்தான்.

நடந்தது இதுதான். தடித்த மண்ணுக்குள் தங்கியிருந்த ஈரம் 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் நீராவியாக மாறியது. வெளியேற வழியில்லாததால் மண்ணைப் பிளந்துகொண்டு போனது.

நான் அறிக்கையில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதினேன். அது உண்மையல்ல. எங்கள் திகதிக்காக அவர்களின் வேலையை அவசரப்படுத்தியவள் நான்.

உலர்த்துதலும் சுடுதலும்

காயும்போது மண் சில பதங்களைக் கடக்கிறது. வளையாது, ஆனால் கத்தியால் செதுக்கலாம் என்ற நிலை 'தோற்பதம்'. குடைவது, கைபிடி ஒட்டுவது, கூழாங்கல்லால் தேய்த்து மினுக்குவது எல்லாம் இப்போதுதான். அடுத்தது முற்றாகக் காய்ந்த பதம். நிறம் வெளிறும், தொட்டால் உடையும். அப்பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. வெயிலில் வைக்காமல் நிழலில், சாக்கினால் மூடி மெதுவாக உலர்த்துங்கள்.

எவ்வளவு சுருங்கும் என அறிய, ஈர மண் தகட்டில் 10 சென்ரிமீற்றர் கோடு கீறி, சுட்டபின் அளவுங்கள். 9 ஆகியிருந்தால் 10 சதவீதம் சுருங்கியுள்ளது. மூடி, பானை இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்வது இதற்காகத்தான்.

சூளையில் முதல் சில மணித்தியாலங்கள் சிறு நெருப்பே போதும். ஏறத்தாழ 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகையால் ஏற்றுவதும் ஆற்றுவதும் மெதுவாக நடக்க வேண்டும். சூளைக்குள் காற்றுப் போனால் இரும்புச் சத்துள்ள மண் சிவக்கும், காற்றை அடைத்துப் புகையவிட்டால் கறுக்கும். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் நடந்த அகழாய்வில் கிடைத்த பெருங்கற்காலப் பாண்டங்களில் இந்த இரு நிறங்களையும் ஒரே பாத்திரத்தில் காணலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈயம் கலந்த மினுக்குப் பூச்சை உணவுப் பாத்திரத்துக்குப் பூசக்கூடாது. காய்ந்த மண் தூசி நுரையீரலைப் பாதிக்கும். வேலைத்தலத்தைக் கூட்டாமல், ஈரத் துணியால் துடையுங்கள்.

அந்தச் சகோதரி உடைந்த துண்டுகளை ஒரு பையில் பொறுக்கிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். நான்காம் நாள் வந்தார். "இதை இடிச்சு அடுத்த மண்ணுக்குச் சேர்க்கலாம்தானே ஆச்சி?" என்று கேட்டார். பைவார் இருந்த ஒரு சிறு துண்டை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொண்டார். இரண்டாவது உருவம் உள்ளே குடையப்பட்டு, ஒரு மாதம் நிழலில் இருந்தது. அது முழுதாக வந்தது. கண்காட்சி எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அதை அவர் விற்கவில்லை. இப்போது பூச்சாடியும் சிட்டியும் செய்து விற்கிறார்.

பயிற்சிக்குப் போகும் சகோதரிகளே, உங்கள் மண் காயவில்லை என்றால், என்னைப் போன்ற உத்தியோகத்தர் அவசரப்படுத்தினாலும் "இன்னும் ஈரம் இருக்கு" என்று துணிந்து சொல்லுங்கள்.

உங்கள் வினாக்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.