கத்திக்கு மதிப்புரை: சாட்சியமா, தீர்ப்பா?

எம் வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் மேசைமுன் அமர்ந்து, ஒரே ஒரு மடக்குக் கத்தியைப் பற்றி 40 நிமிடம் பேசுகிறார். முகம் காட்டப்படவில்லை, இரு கைகளும் கத்தியுமே திரையில் உள்ளன. திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் திறக்கிறார். "ஐயா, ஒரு கத்தியைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருக்கிறதா?" என்று மாணவர் நகைத்தார். யாமும் உடன் நகைத்தோம். ஆயினும் வீட்டிற்குச் சென்று அதனை முழுதும் கண்டோம். அதன்பின் அத்தகையன பலவற்றையும் கண்டோம். ஆண்டுதோறும் திறனாய்வைப் பாடமாக நடத்தும் எமக்கு நகைப்பு அடங்கி ஒரு வினா எழுந்தது. ஒரு பொருளை மதிப்பிட்டுச் சொல்பவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? அமெரிக்கக் கத்தி ஆர்வலர்கள் தமக்குள் ஓயாது வழக்காடுவதும் இவ்வினாவைக் குறித்தே என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவ்வழக்கில் ஒரு சாரார், இம்மதிப்புரையாளர்கள் இல்லையேல் பணத்தை வீணாக்கியிருப்போம் என்பர். மற்றொரு சாரார், இவர்கள் விலைபோன விளம்பரக்காரர்கள், மேசையைவிட்டு எழுந்து ஒரு கிளையையேனும் வெட்டியறியாதவர்கள் என்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் சம அளவினவல்ல என்பது எம் கருத்து.

முதலில் அவர்களுடைய தேவையை உணர்தல் வேண்டும். நல்ல எஃகில் செய்த மடக்குக் கத்தி அந்நாட்டில் 100 டாலர் முதல் 500 டாலர் வரை விலை போகிறது. அதனை வாங்குவோருள் பலர் கையில் எடுத்துப் பாராமலே அஞ்சலில் வருவிக்கின்றனர். முன்னாளில் அவர்களுக்கு வழிகாட்டியவை இதழ்களே. இன்று 'பிளேடு' எனப்படும் இதழ் 1973இல் 'அமெரிக்கன் பிளேடு' என்ற பெயரில் தோன்றியது. இதழில் ஒரு கத்திக்கு இரண்டு படங்களும் ஒரு பக்கக் கட்டுரையும் கிடைக்கும்; எதிர்ப்பக்கத்தில் அதே கத்தியின் விளம்பரமும் இருக்கக்கூடும். 2005இல் யூடியூப் தோன்றிய பின்னர், விற்பவருக்கு உறவில்லாத எவரும் கத்தியைக் கையில் ஏந்திக் காட்டலாம் என்றாயிற்று.

அவ்வாறு காட்டுவதில்தான் காணொளியின் மெய்யான ஆற்றல் உள்ளது. மூடிய கத்தியின் இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே அலகு சரியாக அமர்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதை அச்சுப் படம் எளிதில் மறைத்துவிடும். அசையும் படம் மறைக்காது. திறந்து பூட்டிய பின்னும் அலகு மேலும் கீழும் ஆடுகிறதா, கட்டைவிரல் வழுக்குகிறதா, கால்சட்டைப் பையில் மாட்டும் கிளிப் உள்ளங்கையை உறுத்துமாறு நிற்கிறதா என்பனவெல்லாம் கண்ணுக்குப் புலனாகின்றன. ஒரு கையால் திறப்பதைப் பற்றி இவர்கள் இத்துணை நேரம் பேசுவது ஏன் என முதலில் வியந்தோம். 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையும் பிடியில் கிளிப்பும் அமைத்துத் தன் முதற் கத்தியை வெளியிட்டது. ஒரு கையாற் திறத்தல் என்னும் வழக்கம் பெருகியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என அறிந்தபின் வியப்பு நீங்கிற்று. நன்கு பழகிய மதிப்புரையாளர் புதிய கத்தியின் அருகே, பலரும் அறிந்த பழைய கத்தி ஒன்றை அளவுகோலாக வைக்கிறார். 2010இல் வெளிவந்த 'பாரா மிலிட்டரி 2' அவ்வாறு பலர் மேசையிலும் கிடக்கிறது. வெர்னியர் அளவியை எடுத்து, வாய்விளிம்பிற்குச் சற்று மேலே அலகு எத்துணை கனம் என்றும் அளந்து சொல்கிறார். அரை மில்லிமீட்டரா, அதனினும் மிகுதியா என்பதில் கத்தியின் வெட்டும் திறம் பெரிதும் அடங்கியிருக்கிறது. நிறுவனங்கள் தம் விளம்பரத்தில் இந்த எண்ணைப் பெரும்பாலும் தருவதில்லை. இவையனைத்தும் கண்டு சொல்லும் சாட்சியம். இதற்காக மதிப்புரையாளருக்கு நன்றி பாராட்டாதவர் நன்றி மறந்தவரே.

இடர் தொடங்குவது சாட்சி தீர்ப்புரைக்கப் புகும்போது.

விலைபோனவர் என்ற குற்றச்சாட்டை முதலில் நோக்குவோம். பல நிறுவனங்கள் கத்தியை இலவசமாக அனுப்புகின்றன; காணொளியின் கீழுள்ள இணைப்பின் வழி ஒருவர் வாங்கினால் மதிப்புரையாளருக்குத் தரகும் கிடைக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் பரிந்துரை விளம்பர நெறிகளைத் திருத்தி, இத்தகைய தொடர்பை வெளிப்படச் சொல்ல வேண்டும் என்பதை இணையத்தில் எழுதுவோர்க்கும் உரியதாக்கியது. 2023இல் அந்நெறிகள் மீண்டும் திருத்தப்பட்டன. தமிழாசிரியராகிய யாம் இவ்விடத்தில் சற்று நாணவே வேண்டும். 'மதிப்புரைக்கு இரண்டு படிகள் அனுப்புக' என்னும் வரி நம் இதழ்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவதுதானே? யாம் எழுதிய நூல் மதிப்புரைகளுள் விலைகொடுத்து வாங்கிய நூலுக்கு எழுதியவை மிகச் சில. நண்பரின் நூலில் குறை கண்டபோது, 'அடுத்த பதிப்பில் இன்னும் சிறக்கும்' என்று எழுதி நழுவியதும் உண்டு. ஆகவே, இலவசம் பெற்றார் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. பெற்றதைச் சொல்லிவிட்டால் கேட்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொள்வார். சொல்லியும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கடுமையாகப் பேசினால் அடுத்த கத்தி வராது. இதனை எவரும் மதிப்புரையாளரிடம் எடுத்துரைக்கத் தேவையில்லை. 'ப்ராஜெக்ட் ஃபார்ம்' என்னும் அலைவரிசை, தான் சோதிக்கும் பொருள்களைத் தன் பணத்தில் வாங்கியே சோதிப்பதாக அறிவித்து இயங்குவது இக்காரணத்தால் போற்றத்தக்கது.

பணத்தைவிட ஆழமான குறை அறிவைச் சார்ந்தது. கற்றாழைநார்க் கயிற்றை வெட்டிக்கொண்டே போய், அலகு தாளைச் சீராக அறுக்க இயலாத நிலை வரும்வரை எண்ணுகிறார் ஒருவர். இந்த எஃகு இத்தனை வெட்டு, அந்த எஃகு அத்தனை வெட்டு என்று பட்டியல் எழுகிறது. உழைப்பு பெரிது. ஆனால் வெட்டியது ஒரே கத்தி. அதன் எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறை வேறாயிருப்பின் எண்ணும் வேறாகும். வெட்டும் கையின் அழுத்தம் நூறாவது வெட்டிலும் முதல் வெட்டைப் போலவே இருக்கும் என்று எவர் உறுதி கூற முடியும்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 'காட்ரா' என்னும் கத்தித்தொழில் ஆய்வு நிறுவனம் இதற்கென்றே ஒரு பொறி அமைத்திருக்கிறது. வாய் மேல்நோக்கி நிற்கும் கத்தியின்மீது, சிலிக்கா கலந்த அட்டைத்தாள் அடுக்கு 50 நியூட்டன் விசையுடன் அழுத்தப்படுகிறது. அலகு 40 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் செல்கிறது. எத்துணைத் தாள் அறுந்தது என்று அளக்கப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் பன்னாட்டுத் தரம் இம்முறையைச் சார்ந்ததே. 2021இல் வெளிவந்த 'மேக்னாகட்' எஃகை வடிவமைத்த உலோகவியலாளர் லாரின் தாமஸ், பல்வகை எஃகுகளில் ஒரே வடிவில் கத்திகள் செய்வித்து இச்சோதனைக்கு உட்படுத்தினார். எஃகுகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதோடு, தீட்டும் கோணம் குறையக் குறைய வெட்டும் அளவு பெரிதும் மிகும் என்பதும் அவர் ஆய்வில் விளங்கிற்று. சற்று எளிய எஃகாயினும் ஒடுக்கமான கோணத்தில் தீட்டினால், அகன்ற கோணத்தில் தீட்டிய உயர் எஃகை அது வென்றுவிடலாம். காணொளியில் எஃகின் பெயரே பேச்சாக இருக்க, கோணம் கூறப்படாமல் போகிறது. தன்மை எஃகினுடையது என்று எண்ணிக் காண்பவர் கூடுதலாக 150 டாலர் தருகிறார். வேறுபாடோ சாணைக்கல்லில் கிடந்திருக்கும்.

இதனால் கயிறு வெட்டுபவரை இகழ்கிறோம் என்று கொள்ளற்க. ஒரே கோணத்தில் தாமே தீட்டி, ஒரே வகைக் கயிற்றை, ஆண்டுக்கணக்கில் வெட்டிக் குறித்து வருபவரின் ஏடு பயனுடையது. அதனை ஆய்வுக்கூட முடிவாகக் கொள்ளாமல், பட்டறிவுடையார் ஒருவரின் குறிப்பாகக் கொள்ள வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். அவருள் நேர்மையாளர் பலர் தாமே அவ்வாறு சொல்லிவிடுகின்றனர்; காண்போர்தாம் கேட்பதில்லை.

மற்றுமொன்று காலம். பெரும்பாலான மதிப்புரைகள் கத்தி வந்த முதல் வாரத்திலேயே வெளிவருகின்றன. புதுமைக்கே பார்வையாளர் கூடுவர் என்பதால் அவ்விரைவு. ஆனால் கிளிப்பின் திருகு தளர்வதும், அச்சில் மணல் புகுந்து உராய்வதும், வியர்வையில் துருப்புள்ளி தோன்றுவதும் முதல் வாரத்தில் நிகழ்வனவல்ல. 'ஓராண்டிற்குப் பின்' என்ற தலைப்பில் வரும் காணொளிகள் அரியன. எம் கணக்கில் அவற்றுள் ஒன்று முதல் வாரக் காணொளிகள் இருபதுக்கு ஈடாகும். போதாக்குறைக்கு, 2021 நவம்பரில் யூடியூப் 'விருப்பமின்மை' எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டது. காண்பவருக்கு இருந்த எளிய எச்சரிக்கை ஒன்றும் அதனோடு போயிற்று.

இத்தனையும் கண்டபின் பிரான்சின் ஒப்பினெல் கத்தியை யாம் எண்ணிக்கொண்டதுண்டு. 1890 முதல் வழங்கும் அக்கத்திக்கு மரப்பிடி; மெல்லிய அலகு; 1955இல் சேர்க்கப்பட்ட எளிய வளையப் பூட்டு. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். விலையோ மேற்கண்டவற்றில் ஒரு சிறு பகுதி. அதைப் பற்றி 40 நிமிடம் பேசுவது கடினம். ஆயினும் பழம் நறுக்கும் வேலையில் தடித்த அலகுடைய விலையுயர்ந்த கத்திகள் பல அதனிடம் தோற்கும் என்பதை ஆர்வலர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

மாணவர் காட்டிய அந்த முதற் காணொளிக்கு மீள்வோம். இறுதியில், பேச்செல்லாம் ஓய்ந்தபின், அம்மதிப்புரையாளர் ஓர் ஆப்பிளை எடுத்து அப்புதிய கத்தியால் நறுக்க முயல்கிறார். அலகின் தடிப்பால் பழம் சீராக அறுபடாமல், பாதி வழியிலேயே ஆப்பு இறக்கியது போல் 'படக்'கென்று பிளந்து மேசையில் உருள்கிறது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கத்தி வந்த பெட்டி எத்துணை அழகாக இருக்கிறது என்று காட்டத் தொடங்கினார். யாம் காணொளியைப் பின்னோக்கி நகர்த்தி, ஆப்பிள் பிளந்த இடத்தை மட்டும் மாணவருக்கு மீண்டும் காட்டினோம்.