பாதி போகும், பாதி இருக்கும்

காலை நிகழ்ச்சிக்காக விடியற்காலை 4 மணிக்கு எழுபவள் நான். அதனால் மாலையில் யாராவது கோப்பி நீட்டினால், மனத்துக்குள் ஒரு சின்னக் கணக்குப் போடுவேன். உடலில் சேர்ந்த கேஃபின் பாதியாகக் குறைய, சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால், இரவு 11 மணிக்கு ஏறக்குறைய 50 மிச்சம். என் அலாரம் அடிக்கும்போதும் 25 மிச்சம்!

இதைச் சொல்லிக்கொடுத்தவள் ஃபார்மசி படிக்கும் என் சித்தி மகள். 'அரை ஆயுள்' என்பது இதன் பெயர். இரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாவதற்குப் பிடிக்கும் நேரம்.

அவளுடைய தேர்வுக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் மருந்து. பிற்பகல் 2 மணிக்கு 2 மில்லிகிராம். அரை ஆயுள் எவ்வளவு? 8 பாதியாகி 4, அதுவும் பாதியாகி 2. ஆறு மணி நேரத்தில் இரண்டு முறை பாதியாகியிருக்கிறது. ஆக, 3 மணி நேரம். எண்கள் இப்படி ஒத்துவராதபோது, 0.693 என்ற எண்ணை மருந்து வெளியேறும் வேக மாறிலியால் வகுப்பார்கள்.

நம் பாட்டிமார் இந்த வரிசையை வாய்ப்பாடாகவே சொல்லியிருப்பார்கள். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஐந்து முறை பாதியானால் மிஞ்சுவது 32-இல் ஒரு பங்கு, அதாவது 3 விழுக்காடு. அதோடு மருந்து ஏறக்குறைய வெளியேறிவிட்டது என்று கணக்கு. தினமும் போடும் மாத்திரை உடலில் ஒரு நிலையான அளவுக்கு வந்து சேரவும் அதே ஐந்து அரை ஆயுள் வேண்டும்.

என் அப்பாவுக்கு இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாளே, "பிரஷர் அப்படியேதான் இருக்கு. நாளைலேருந்து ரெண்டா போட்டுக்கவா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"வேண்டாம் பெரியப்பா" என்றாள் தங்கை. "அதோட அரை ஆயுள் 30லேருந்து 50 மணி நேரம். இன்னைக்குப் போடுறது நேத்து மிச்சத்து மேல சேரும். நாற்பதுன்னு வச்சாலும் அஞ்சு நாற்பது இருநூறு மணி நேரம். எட்டு நாளாவது ஆகும்."

அவசரப்பட்டு இரண்டாகப் போட்டிருந்தால், அதுவும் சேர்ந்துகொண்டே போயிருக்கும். பிறகு கால் வீங்கி, தலை சுற்றி, பயந்து நிறுத்தினாலும் மருந்து உடனே இறங்கியிருக்காது.

இதே கணக்கு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். "ரெண்டு நாள் மாத்திரை போடல, ஒன்னும் ஆகலையே" என்று பல வீடுகளில் கேட்கிறோம். அந்த இரண்டு நாளும் காப்பாற்றியது பழைய மாத்திரையின் மிச்சம். அது தீர்ந்த பிறகு அழுத்தம் ஏறும்போது, பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

ஆளுக்கு ஆளும் கணக்கு மாறும். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸினின் அரை ஆயுள் வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு நாள். சிறுநீரகம் அறவே வேலை செய்யாதவருக்கு அது 4, 5 நாள்வரை நீளும். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஒத்துக்கொண்ட அளவு நம் தாத்தாவுக்கு அதிகமாகிவிடுவது இதனால்தான்.

அரை ஆயுளை வைத்து நாமே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. அது மருத்துவரின் வேலை. ஆனால் மருந்து வாங்கும்போது மருந்தாளரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். "இது முழுசா வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? ஒரு வேளை மறந்துட்டா என்ன செய்யணும்?" பதிலை மாத்திரைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் படிக்கிற மாதிரி, கொஞ்சம் பெரிய எழுத்தில்.