மிதக்காத அங்கியை யார் சோதிப்பது?

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியாததால் அதை நம்பியே மக்கள் அக்கரைக்குப் போய்வந்தார்கள். பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஆட்களை ஏற்றக்கூடாது என்பதற்கு இனியும் சாட்சி தேவையா?

இருக்கிற அங்கி மிதக்குமா என்பதையும் கேட்க வேண்டும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஓடும் படகுகளிலும் மூதூர், கொட்பே பக்கத்து மீன்பிடி வள்ளங்களிலும் அங்கி என்ன பாடுபடுகிறது? வெயிலில் கிடந்து துணியும் தையலும் இற்றுப்போகின்றன. மண்ணெண்ணெயும் உப்பும் ஊறுகின்றன. பலகைக்கு மெத்தையாகப் போட்டு ஆட்கள் ஏறி உட்கார, உள்ளேயிருக்கும் நுரைப்பஞ்சு நசிந்து மிதக்கும் சக்தியை இழக்கிறது. வெளியே பார்த்தால் செம்மஞ்சள் நிறம் அப்படியே இருக்கும், ஏமாற்றுவது அதுதான்.

குளிர்கடலில் ஓடும் கப்பல்களின் நீர்புகா உயிர்காப்பு உடைகளை மாதாமாதம் விரித்துப் பார்க்கவும், மூன்று ஆண்டுக்குள் ஒரு தடவையாவது காற்றடைத்து ஒழுக்குச் சோதிக்கவும் சர்வதேச கடல்சார் அமைப்பு வழிகாட்டியிருக்கிறது. நமது வெதுவெதுப்பான கடலுக்கு அந்த உடை வேண்டாம். அந்த ஒழுங்கு வேண்டும்.

செய்வது கடினமல்ல. பட்டியை இரு கையாலும் பலமாக இழுத்துப் பார்க்கலாம். கொக்கி பூட்டி நிற்கிறதா என்று பார்க்கலாம். கரையோரம் ஆழமில்லாத நீரில் ஒருவர் அணிந்து மிதந்து பார்த்தால் மீதி தெரிந்துவிடும். பாவித்தபின் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவு அங்கியே வேண்டும். பெரியவரின் அங்கி நீரில் மேலெழும்பித் தலைவழியே கழன்றுவிடும். இதை எழுதும்போதே மனம் பதறுகிறது.

படகோட்டியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அன்றாட வருமானத்தில் புதிய அங்கிகள் வாங்குவது அவருக்குப் பாரம். மீன்பிடிப் படகின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது கடற்றொழில் பரிசோதகர் ஒவ்வொரு அங்கியையும் கையில் எடுத்துப் பார்த்துத் திகதி முத்திரை குத்தட்டும். பயணிகள் படகுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளும் அப்படியே செய்யட்டும். பழுதானதைக் கொடுத்து மானிய விலையில் புதியது பெற, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக மாவட்ட செயலகம் ஏற்பாடு செய்யட்டும். வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் முன்னர், ஒக்டோபருக்குள் முதற்சுற்றுச் சோதனை முடிய வேண்டும்.