கூட்டத்தைப் பார்த்தோம், ஊழியர்களைக் கேட்டோமா?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதித் தமிழக ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்துக் கலவரம் மூண்டது. போலிஸ் கார்களும் ஆம்புலன்சும் தாக்கப்பட்டன.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை அளித்தது. விபத்து இடத்தில் எழுந்த தவறான எண்ணமும் மதுவும் கலவரத்துக்குக் காரணம், வேலை, தங்குமிடக் குறைகள் காரணமல்ல என்று அது கூறியது. 2015 ஏப்ரலில் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் விதிகள் மேலும் கடுமையாயின.

கூட்டத்தில் சேர்ந்தால் மனிதன் அறிவிழக்கிறான் என்று பிரான்சின் குஸ்தாவ் லெபோன் 1895இல் எழுதினார். பிரிட்டனின் ஸ்டீஃபன் ரெய்ச்சர் வேறு வழியில் போனார். 1980இல் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் வட்டாரத்தில் நடந்த கலவரம் பற்றி, அதில் இருந்தவர்களிடமே கேட்டார். போலிசைத் தாக்கியவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. வெறியிலும் ஒரு வரம்பு இருந்தது. கொலம்பியாவின் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா இன்னும் ஒருபடி மேலே போய், எதை ஆராய்வது என்பதையே பாதிக்கப்பட்ட மக்கள் முடிவு செய்யட்டும் என்றார்.

இவை வன்முறைக்குச் சமாதானம் சொல்வதில்லை. சிங்கப்பூர் விசாரணையிலும் ஊழியர்கள் சாட்சியம் அளித்தார்கள். ஆனால் சாட்சி பதில் சொல்பவர். கேள்வியைத் தீர்மானிப்பவர் அல்லர்.

இந்த வேறுபாடு தோட்ட மக்களுக்குத் தெரிந்ததுதான். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களே அவர்கள்தான். அதோடு சம்பள உயர்வும், துரைமார் எதிரே சைக்கிளில் செல்லும் உரிமையும் கேட்டார்கள். மதுவைத் தடுப்பது அங்கே மானத்தின் ஒரு பகுதி. மேலிருந்து வந்தால் அது வெறும் கட்டுப்பாடு.

2020இல் கொவிட்-19 காலத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் விடுதிகளில் அடைந்து கிடந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு அவர்களின் மனநலத்துக்கெனப் பணிக்குழு அமைத்தது. சக ஊழியர்களுக்கே ஆறுதல் சொல்லப் பயிற்சி தரும் வழியும் திறந்தது. இது நல்ல மாற்றம்.

அடுத்த படி, விடுதி விதி, சாப்பாடு, ஞாயிறு ஓய்விடம் குறித்து முடிவெடுக்கும் மேசையில் ஊழியருக்கும் ஓர் இருக்கை. கோபம் தெருவுக்கு வரும் முன்பே காதில் விழ அதுதான் வழி.