சிராவுக்கு அடிச்சுக்கிறோம், பள்ளியைக் கோட்டை விட்டுட்டோம்

போன வாரம் எங்க சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒண்ணு அனுப்பியிருந்தார். 'பள்ளி'ங்கற நம்ம தமிழ்ச் சொல்லைத்தான் கிரேக்கர்கள் தூக்கிட்டுப் போய் 'போலிஸ்'னு ஆக்கிட்டாங்களாம். அமெரிக்காவுல இருக்கற மின்னியாபோலிஸ் வரைக்கும் நம்ம சொத்துதானாம். கீழே வரிசையா கைதட்டல் பொம்மைகள்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா இதே சமாசாரத்தை, இஞ்சினியரிங் மூணாவது வருஷத்துல, இதே பக்கத்துல எழுதினவன் சாட்சாத் நான்தான். ஆதாரம்? வெள்ளைக்காரன் திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினாபொலி'ன்னு எழுதினான் இல்லையா, அது! நீங்களும் பின்னூட்டத்துல கும்மியடிச்சீங்க, நானும் புல்லரிச்சுப் போய்க் கிடந்தேன். இப்போ வாபஸ் வாங்கறேன்.

அந்த 'பொலி' வெறும் ஆங்கில எழுத்துக்கூட்டல். 'ள'வுக்கு மடங்காத நாக்கு, வேறென்ன? கிரேக்க போலிஸோட கூடப்பிறந்தவங்க சமஸ்கிருத 'புர்', லிதுவேனிய மொழியில கோட்டையைக் குறிக்கற 'பிலிஸ்' எல்லாம். நம்ம பள்ளிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

உறவுன்னா எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது பெங்களூரு பஸ் போர்டுதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாரத்தஹள்ளி வாசம். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு. அப்போ பள்ளி? ஹள்ளி! பழைய கன்னடத்துல இதெல்லாம் 'ப'வாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் 'ஹ' ஆச்சு. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ஒரே விதி, எல்லா ஃபைல்லயும் தப்பில்லாம ஓடுது. போலிஸ் கோஷ்டி இதே மாதிரி தமிழ்-கிரேக்க ஜோடி இன்னும் நாலு காட்டட்டும், நான் மொட்டை போட்டுக்கறேன்.

எதிர்க்கோஷ்டியும் சும்மா இல்லை. சமஸ்கிருதத்துல 'பல்லீ'ன்னா சிற்றூர், வங்காளத்துல கிராமத்துக்கு 'பொல்லி', ஆகவே எல்லாம் அங்கேருந்து வந்ததுன்னு ஒரு கூட்டம். பர்ரோவும் எமனோவும் 1961-ல போட்ட அகராதியில பள்ளி, ஹள்ளி, தெலுங்கு பல்லெ எல்லாத்தையும் திராவிடச் சொல்லாத்தான் சேர்த்திருக்காங்க. நம்மகிட்டேருந்து அங்கே போனதுங்கறதுதான் பலரோட கருத்து. (சமஸ்கிருத பல்லீக்கு வீட்டுப் பல்லின்னும் அர்த்தம் உண்டு. அதை வெச்சு ஊர்ப்பெயருக்கு ஒரு தலபுராணம் இன்னும் யாரும் எழுதலைன்னு நினைக்கிறேன், ஐடியா கொடுத்துட்டேனோ?)

என் கோபம் இவங்க மேல மட்டும் இல்லை, நம்ம ஊர்க்காரங்க மேலயும்தான். 'சிரா'ன்னா என்னன்னு ஓயாம சண்டை. மூணு தலை அரக்கன் திரிசிரன்கறார் ஒருத்தர், சிரான்னு ஒரு சமணத் துறவிங்கறார் இன்னொருத்தர், யூல்-பர்னல் அகராதியைக் காட்டி 'சிலா', பாறைங்கறார் மூணாமவர். பள்ளியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. பேச்சுல திருச்சின்னு சொல்லி அதை வெட்டியும் போட்டாச்சு.

அந்த அர்த்தமோ மலைமேலயே இருக்கு. உச்சிப் பிள்ளையார் கோயிலை ஒட்டின குகையில சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கு. பள்ளின்னா படுக்கற இடம், துறவிகள் தங்கற இடம். ஊர்னும் பொருள் உண்டு, மறுக்கலை. ஆனா படுக்கையையே பக்கத்துல வெச்சுக்கிட்டு கிரேக்கத்துக்கு ஏன்யா போகணும்? ஸ்ரீரங்கத்துலயே பொறந்து வளர்ந்த எனக்கு, எத்தனையோ தடவை மலையேறியும், அப்படி ஒண்ணு இருக்கறதே இருபத்தஞ்சு வயசுக்கு மேலதான் தெரியும். அரக்கன் கதை மட்டும் அஞ்சு வயசுலயே மனப்பாடம்.

அதே மலையில 7-ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்மன் சிவனுக்குக் குடைவரை வெட்டினான். அந்த நூற்றாண்டுலயே சம்பந்தர் வந்து பாடினார். பதிகத்துக்கு ஒரு பாட்டாவது சமணரையும் பௌத்தரையும் திட்டாம அவருக்குத் தூக்கம் வராது. அவர் பாடின தலத்தோட பேர்? சிராப்பள்ளி! ஆள் போனாலும் சொல் போகலை.

காவிரியைத் தாண்டினா எங்க ஊர்ல ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கார், அவரை எழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடின திருப்பள்ளியெழுச்சி. முஸ்லிம்கள் தொழறது பள்ளிவாசல். கேரளாவுல சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி. சோழ ராஜாவைப் புதைச்ச இடத்துல எழுப்பின கோயில் பள்ளிப்படை. புள்ளைங்க மூட்டையைத் தூக்கிட்டுப் போறது பள்ளிக்கூடம். (கடைசி பெஞ்சுல தூங்கினப்போ நானும் சொற்பொருளைத்தான் காப்பாத்தியிருக்கேன் போல.) இத்தனை பேரும் இதே மண்ணுல புழங்கின சொல்லை, ஏதென்ஸ்காரன் சர்டிஃபிகேட் கொடுத்தாத்தான் உசத்தின்னு நினைக்கறதுக்கா தமிழ்ப்பற்றுன்னு பேர்?

இதையெல்லாம் சுருக்கி சித்தப்பாவுக்கு எழுதினேன். "சரிடா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நாலு குரூப்புக்கு அனுப்பிட்டேனே"ன்னார். என் பழைய பதிவை அழிக்கலை, மேலே 'இது தப்பு'ன்னு போட்டு இங்கே இணைப்பு கொடுத்திருக்கேன். அன்னிக்குக் கும்மியடிச்ச மக்கள் இங்கேயும் ஒரு எட்டு வந்து திட்டிட்டுப் போகலாம்.