நோயின் வேரைக் காண்போர் வேண்டும்

மருத்துவம் கற்றவர்க்கு முனைவர் ஆய்வு எதற்கு என்று வினவுவார் உளர். மருந்தளித்தால் போதாதா என்பது அவர்தம் எண்ணம். அதன் பிழையை ஆர்வே இட்டானோவின் வாழ்வு காட்டும்.

சப்பானிய மரபினர் என்பதற்காகவே 1942-இல் அமெரிக்க அரசு அவரைக் காவற்பாசறையில் அடைத்தது. அதனின்று மீண்டு மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மருத்துவமனைத் தொழிலோடு நில்லாது, 1946-இல் இலைனசு பாலிங்கிடம் மீண்டும் மாணவரானார். அரிவாளணு நோயாளரின் குருதிச் செந்நிறப் புரதத்தை மின்புலத்தில் நகர்த்தினார். நலமுள்ளோர் புரதத்தினின்று அது வேறாக நகர்ந்தது. இந்நோய் மூலக்கூற்றிலேயே தோன்றுகிறது என 1949-இல் பாலிங்கு குழுவினர் அறிவித்தனர். அப்புரதத்தில் ஓர் அமினோக் காடி மாறியதே கேடு எனப் பின்னர் இங்கிராம் நிறுவினார். 2023-இல், மரபணுவைத் திருத்தும் மருத்துவம் இந்நோய்க்கென பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இடையே உருண்டவை எழுபத்து நான்கு ஆண்டுகள்! வேரைக் கண்டமையாலன்றோ தீர்வு வாய்த்தது?

நம் நீலமலைப் பழங்குடியினரிடமும் இவ்வணுக்கூறு உண்டென 1952-இலேயே வெளியுலகுக்கு உணர்த்தியோர் அயல்நாட்டு ஆய்வாளர் இருவர். நம் மக்களின் குருதியில் உள்ள நோயை அயலார் வந்து உரைக்கும் வரை நாம் காத்திருத்தல் தகுமோ?

ஆய்வுக்கூடத்தில் ஆண்டுகள் பல அமர முன்வரும் இளம் மருத்துவர்க்கு வாழ்வூதியமும் கருவியும் நல்லாசிரியரும் அளித்தல் அரசின் கடன். உடனடி வருவாயைத் துறந்து அப்பணி ஏற்றல் இளைஞர் கடன். நீலமலைக் குடில்களில் மூட்டு வலியால் துடிக்கும் குழந்தைகள் அவர்களை எதிர்நோக்கியிருக்கின்றனர்.