கூழைக்கடா இருக்கு... ஏரி எங்கே?

ஜனவரி மாதம், காலை ஆறு மணி. ஆந்திராவில் கைகலூர் பக்கம் ஆட்டபாக்கா. மங்கி குல்லா, பைனாகுலர் சகிதம் நாங்கள் நாலு பேர், டீ கிளாஸில் குளிர் காய்ந்துகொண்டிருந்தோம். பனி விலக விலக, கூட்டில் உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்கள் தெரிந்தன. பெலிகன் என்றால் சட்டென்று புரியும் உங்களுக்கு. நூற்றுக்கணக்கில்! 'சொர்க்கம்யா!' என்றார் நண்பர்.

அந்தச் சொர்க்கத்தில் மரம் இல்லை. கூடுகள் இருந்தது, மனிதர்கள் நட்ட இரும்புத் தாங்கிகளின் மேல்.

சரி, ஏரியைப் பார்ப்போமே என்று காரில் கிளம்பினோம். இடது பக்கம் மீன் குளம். வலது பக்கமும் மீன் குளம். அரை மணி நேரம் போயும் அதேதான். நம்புங்கள், இதற்குப் பெயர் கொல்லேரு ஏரி!

1999-ல் 308 சதுர கிலோமீட்டரைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம். 2006-ல் பொக்லைன் விட்டுக் குளக்கரைகளை உடைத்தார்கள். அப்புறம்? 2008-ல், சரணாலய எல்லையை 5 அடி மட்டத்திலிருந்து 3 அடிக்குக் குறைக்கச் சொல்லிச் சட்டசபையிலேயே தீர்மானம். உடைந்த கரைகள் மறுபடி எழும்பாமல் என்ன செய்யும்?

'குளமா இருந்தா என்ன சார், பறவைக்கு மீன் கிடைக்குதே?' என்பீர்கள். கூழைக்கடாவுக்குக் கிடைக்கும், அதுவும் பண்ணைக்காரர் பட்டாசு வெடிக்கும்வரை. சைபீரியாப் பக்கமிருந்து வருகிற உள்ளான்கள் கணுக்கால் தண்ணீரில், சேற்றைக் கிளறிச் சாப்பிடுகிற ஜாதி. செங்குத்துக் கரையும் ஆள் இறங்கினால் இடுப்புக்கு மேல் தண்ணீருமாக இருக்கும் குளத்தில் அதற்கு என்ன வேலை?

பறவையை விடுங்கள். கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவே வெள்ளத்தை வாங்கி வைத்து, உப்புட்டேரு வழியாக மெதுவாகக் கடலுக்கு அனுப்புகிற தொட்டி இது. 2024 செப்டம்பரில் விஜயவாடாவை மூழ்கடித்த புடமேரு வந்து சேர வேண்டிய இடமும் இதுதான். மீன் லாபம் குத்தகைக்காரர் கணக்கில், வெள்ள நஷ்டம் ஊர் கணக்கில். பி.காம். படித்த எனக்கு இந்தப் பேரேடு புரியவில்லை. (வலை வீசி வயிறு கழுவும் மீனவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு ஏரியும் போச்சு, பெரும்பாலும் குளமும் சொந்தமில்லை.)

திரும்பும்போது வழியெல்லாம் ஐஸ் பெட்டி ஏற்றிய லாரிகள். நண்பர் நோட்டில் பறவைப் பட்டியலுக்கு மேலே 'இடம்: கொல்லேரு ஏரி' என்று எழுதினார். அடித்துவிட்டு 'மீன் பண்ணை' என்று எழுதுங்கள் என்றேன். ரயில் ஏறும்வரை என்னிடம் அவர் பேசவில்லை.